வரப்பு திறந்தபின்: சமர்கந்திலிருந்து ஓஷ் வரை

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி இழுத்து, கல் நட்டு, பங்காளிகளின் வசவைக் கேட்டு ஓய்வு பெற்றவன் நான். எங்கே எல்லைக்கல் தெரிந்தாலும் நின்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. மத்திய ஆசியாவில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதிருந்த உஸ்பெகிஸ்தான், தாஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள் பத்தாண்டுக்குள் வாசலைத் திறந்துகொண்டன என்று படித்ததிலிருந்து, அந்த வாசல்கள் வழியே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நீலக் குவிமாடங்களைப் பார்க்கத்தான் போகிறோம் என்று மனைவி நம்பியதை நான் மறுக்கவில்லை. பயணத்தில் அன்றன்று இரவு எழுதி வைத்தவற்றைச் சற்றே செம்மை செய்து இங்கே தருகிறேன்.

செப்டம்பர் 20, 2025, சனி: சமர்கந்து

பகலில் முப்பது டிகிரி வெயில், பொழுது சாய்ந்ததும் போர்வை தேடும் குளிர். ரெகிஸ்தான் சதுக்கத்தைக் காலையிலேயே பார்த்து முடித்தோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்க விரும்பியது ஹஸ்ரத் கிஸ்ர் பள்ளிவாசலை ஒட்டிய குன்றில் இருக்கும் ஒரு கல்லறை. உஸ்பெகிஸ்தானைச் சோவியத் காலத்திலிருந்தே ஆண்ட இஸ்லாம் கரீமோவ் 2016 செப்டம்பரில் இறந்தபோது, அவர் பிறந்த ஊரான இங்கேதான் அடக்கம் செய்தார்கள். வெள்ளைப் பளிங்கின் எதிரே பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். அமர்ந்திருந்த ஒருவர் குர்ஆன் ஓத, வந்தவர்கள் உள்ளங்கைகளை ஏந்தி, முடிந்ததும் முகத்தில் தடவிக்கொண்டு எழுந்து போனார்கள்.

எங்களை அழைத்து வந்த ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரை 'அகா' என்று அழைக்க வேண்டுமென்று விடுதியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உஸ்பெக் மொழியில் அகா என்றால் அண்ணன். மீசை வைத்த ஓர் ஆளை மனைவி 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி வழியாகக் கேட்டேன். தாஜிக் என்றார். சமர்கந்திலும் புகாராவிலும் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது அதுதான். 1924-இல் சோவியத் அதிகாரிகள் இங்கே தேசங்களைக் கோடு போட்டுப் பிரித்தபோது இவ்விரு நகரங்களும் உஸ்பெக் பக்கம் விழுந்தன. 1929-இல் தாஜிகிஸ்தான் தனிக் குடியரசானபோது குஜந்து வட்டாரத்தை மட்டும் பிரித்து அதனுடன் சேர்த்தார்கள். பாகப்பிரிவினையில் வீட்டை ஒருவனுக்கும் கிணற்றை மற்றவனுக்கும் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மதியம் பலாவ் சாப்பிட்டோம். எண்ணெய் மினுங்கும் சோறு, மஞ்சள் கேரட், கொண்டைக்கடலை, கிஸ்மிஸ், மேலே ஆட்டிறைச்சித் துண்டுகள். இரண்டு தட்டும் தேநீரும் 1,10,000 சோம், நம் பணத்தில் ஏறத்தாழ 790 ரூபாய். கேரட்டுக்கு இங்கே 'சப்ஸி' என்று பெயர். கிஸ்மிஸ் கிஸ்மிஸேதான். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இந்தச் சோற்றுக்கு 2016-ஆம் ஆண்டு இடம் கிடைத்தது, அதுவும் இரண்டு முறை: உஸ்பெகிஸ்தானின் பெயரில் 'பலாவ்' என்று ஒருமுறை, தாஜிகிஸ்தானின் பெயரில் 'ஓஷி பலாவ்' என்று ஒருமுறை. ஒரே சட்டிச் சோற்றுக்கு இரண்டு பட்டா. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் அப்படித்தான் செய்வார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்: ஜார்தெபா எல்லை, பஞ்சகெந்து

சமர்கந்திலிருந்து பஞ்சகெந்து அறுபது கி.மீ. எல்லைச் சாவடி அதற்கு இடையில், ஜார்தெபா என்ற இடத்தில் இருக்கிறது. பங்குவண்டியில் ஆளுக்கு 40,000 சோம். இந்த வாசலை 2010-இல் உஸ்பெகிஸ்தான் அடைத்தது. அதன்பின் எட்டாண்டுகள், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதைப் போலச் சமர்கந்துக்குப் போய் வந்த பஞ்சகெந்துக்காரர்கள் மலையைக் கடந்து வடக்கே ஏறி, வேறு சாவடி வழியாக நூற்றுக்கணக்கான கி.மீ. சுற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் விசா வேண்டும், அதுவும் எளிதில் கிடைக்காது. 2018 மார்ச் தொடக்கத்தில் வாசல் திறந்தது. அதே மாதம் 9-ஆம் நாள் புதிய உஸ்பெக் அதிபர் ஷவ்கத் மிர்ஸியோயெவ் தாஜிக் தலைநகர் துஷன்பே போய் இறங்கினார். இரு நாட்டு மக்களும் முப்பது நாள் விசா இல்லாமல் போய் வரலாம் என்றானது அப்போதுதான்.

சாவடியில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். பூப்போட்ட தலைத்துணி, தங்கப் பல், இரு கையிலும் பை. பையிலிருந்து வட்டமான சமர்கந்து ரொட்டி எட்டிப் பார்த்தது. கடவுச்சீட்டை நீட்டினார்கள், முத்திரை விழுந்தது, போனார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. தாஜிக் சுங்கத்தில் இருந்த இளைஞன் மனைவியின் பையிலிருந்த பருப்புப்பொடிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இருமி, கண்ணீரோடு பக்கத்து மேசைக்காரரை அழைத்தான். அவரும் சுவைத்தார். மூன்றாமவர் ரொட்டித் துண்டோடு வந்தார். பொட்டலம் கால்வாசி குறைந்து திரும்பி வந்தபோது எல்லாரும் வணக்கம் சொன்னார்கள்.

பஞ்சகெந்து என்றால் ஐந்து ஊர். 'பஞ்ச' நமக்கு விளங்கும் சொல்தானே. நாங்கள் தங்கிய வீட்டுத் தாழ்வாரத்தில் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. முலாம்பழம் அரிந்து வைத்தார்கள். அதைச் சாப்பிட்டு நான் குளிர்ந்த நீரைக் கையில் எடுத்ததும் வீட்டம்மா பதறிப்போய்ப் பறித்துக்கொண்டு வெந்நீர்த் தேநீரைத் திணித்தார். முலாம்பழத்தின் மேல் தண்ணீர் குடித்தால் வயிறு கெடும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் விதி. அவர் உள்ளே போனதும் குடித்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு அவர் சொன்னது சரியென்று தெரிந்தது.

அந்த இரவிலேயே இன்னொரு உண்மையும் தெரிந்தது. குஜந்து போய்விட்டு மறுபடி உஸ்பெகிஸ்தானுக்குள் நுழைய வேண்டியிருந்ததால் இருமுறை நுழையும் மின்விசா எடுப்பதென்று முடிவு செய்து, நான்தான் இருவருக்கும் விண்ணப்பித்தேன். எனக்கு இருமுறை என்று பதிந்தவன் மனைவிக்கு ஒருமுறை என்று பதிந்திருக்கிறேன். "ஊரார் நிலத்தை ஒரு சென்டு பிசகாமல் அளந்தவராம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்லவும் தேவையில்லை. இருபது டாலர் கட்டிப் புதிதாக விண்ணப்பித்தேன். மூன்று வேலை நாள் ஆகும் என்றது திரை.

செப்டம்பர் 23, செவ்வாய்: பஞ்சகெந்து

காலையில் ஸராஸ்ம் போனோம். ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பு. எல்லைச் சாவடிக்குப் பக்கத்திலேயே தகரக் கூரைகளின்கீழ் மண்சுவர்களாகக் கிடக்கிறது. 2010-இல் இது உலக மரபுச் சின்னமாயிற்று. உலகமே வந்து பார்க்கலாம் என்று அறிவித்த அதே ஆண்டில்தான் பக்கத்துச் சாவடி அடைபட்டது. மாலையில் பழைய சொக்தியர் நகரத்தின் மேட்டில் நின்று ஸராஃப்ஷான் நதியைப் பார்த்தோம். சாம்பல் நிற நீர் தாஜிக் மலைகளிலிருந்து இறங்கி, எந்தக் கடவுச்சீட்டும் காட்டாமல் சமர்கந்துக்கும் புகாராவுக்கும் போகிறது.

சண்டையின் வேர் இந்த நீரில்தான் இருந்தது. தாஜிகிஸ்தான் வக்ஷ் ஆற்றில் ரோகுன் என்ற இடத்தில் 335 மீட்டர் உயரத்துக்கு அணை கட்ட முனைந்தது. கட்டி முடித்தால் உலகிலேயே உயரமான அணை அதுவாக இருக்கும். பருத்தி வயலுக்கு நீர் வராது என்று கரீமோவ் கொதித்தார். நீர்ச் சிக்கல் போரில்கூட முடியலாம் என்று 2012-இல் கஜக்ஸ்தானில் வெளிப்படையாகவே எச்சரித்தார். இயற்கை எரிவாயுவும் நின்றது, இருப்புப்பாதை ஒன்றையும் பெயர்த்தார்கள். அவருக்குப் பின் வந்த மிர்ஸியோயெவ் வேற்றாள் அல்லர். 2003 முதல் அவரிடமே பிரதமராக இருந்தவர். ஆனாலும் அணையைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. ரோகுனின் முதல் மின்னாக்கி 2018 நவம்பரில் சுழலத் தொடங்கியபோது உஸ்பெகிஸ்தானிலிருந்து எதிர்ப்புக் குரல் எழவில்லை. இன்று அந்த மின்சாரத்தை வாங்குவது பற்றியும், இதே ஸராஃப்ஷானில் கூட்டாக மின்நிலையம் கட்டுவது பற்றியும் பேசுகிறார்கள். தாஜிக் பக்கம் எமோமலி ரஹ்மோன் 1992-இலிருந்து நாட்டின் தலைமையில் இருக்கிறார், அவர் மாறவே இல்லை. மாறியது ஒரு வீட்டின் தலைமை மட்டுமே. வாசல் திறக்க அதுவே போதுமானதாக இருந்தது. எனக்கு இது மகிழ்ச்சியைவிடக் கலக்கத்தையே அதிகம் தந்தது.

இரவு வீட்டம்மாவின் மாமியார் எங்களோடு உணவுக்கு அமர்ந்தார். எழுபத்தைந்துக்கு மேல் வயது. மரத் தட்டில் குருத்தோப் வந்தது: பிய்த்துப்போட்ட மெல்லிய ரொட்டியின்மேல் உப்புத்தயிர்க் கரைசல், பொரித்த எண்ணெய், வெங்காயம், தழைகள். எல்லாரும் ஒரே தட்டிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். கையால் உண்பவர்களைப் பார்த்த நிம்மதியில் நாங்களும் தாராளமாகவே சாப்பிட்டோம். சுவரில் ஓர் ஆணி வெறுமனே இருந்ததை மனைவி கவனித்து, என்ன மாட்டுவீர்கள் என்று கேட்டார். கதையை மருமகள்தான் சொன்னார். வீட்டை விட்டு நெடுந்தொலைவு போகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போவான், திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடும்வரை அது சுவரில் தொங்கும். அது இங்கே வழக்கம். கிழவியின் தம்பி சமர்கந்தில் இருந்தார். 2010 இலையுதிர் காலத்தில் வந்தவர், போகும்போது வேடிக்கையாக ஒரு ரொட்டியைக் கடித்து, அடுத்த வாரம் வருகிறேன் என்று அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் அடைபட்டது. விசாவுக்கு அலைந்தார், சுற்றுவழிக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. 2018-இல் திறந்த முதல் வாரமே கிழவி அந்த ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு போனாராம். கல்லாயிருந்த ரொட்டியை என்ன செய்தார் என்று மருமகள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை கண் மருத்துவத்துக்குச் சமர்கந்து போய் வருகிறார். கிழவி எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல், தட்டில் மனைவியின் பக்கமாகத் தழைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 24, புதன்: குஜந்து போகும் வழி

பங்குவண்டியில் ஆளுக்கு 130 சோமோனி, அதாவது 1,200 ரூபாய். பேரம் பேசியும் குறையவில்லை. மலைச் சாலை அஞ்சத் தக்கது. ஷஹ்ரிஸ்தான் கணவாய்க்குக் கீழே சீனர்கள் குடைந்து 2012-இல் திறந்த ஐந்து கி.மீ. சுரங்கப்பாதை வழியாகத்தான் இப்போது வடக்கே போகிறார்கள். துஷன்பேயிலிருந்து வரும் வழியில் ஈரானியர் குடைந்த அன்ஸோப் சுரங்கம் வேறு இருக்கிறது. சோவியத் காலத்தில் பனிக்காலம் வந்தால் தலைநகருக்கும் குஜந்துக்கும் இடையில் உஸ்பெக் சமவெளி வழியாகப் போய் வந்தார்கள். அண்டைவீட்டான் வழியை அடைத்ததும் இவர்கள் மலையைக் குடைந்தார்கள். சண்டையின் செலவை இப்படி மீட்டரில் அளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அணையைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் கேட்டபோது ஓட்டுநர் வளைவில் ஒரு கையை எடுத்து மேலே சுட்டி, "அங்கே முடிவு செய்கிறார்கள்" என்றார். கடவுளைச் சொல்கிறார் என்று மனைவி நினைத்தார். அடுத்த வளைவில் சாலையோரம் அதிபரின் பெரிய படம் வந்தபோது அவர் அதே கையை அதே திசையில் மறுபடி காட்டினார்.

செப்டம்பர் 25, வியாழன்: குஜந்து

இங்கே வியாழக்கிழமையை 'பஞ்ச்ஷன்பே' என்கிறார்கள். சனிக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாள். திங்கள் துஷன்பே, தலைநகரின் பெயரே அதுதான், திங்கள்சந்தை. நாங்கள் பஞ்ச்ஷன்பே சந்தைக்கு வியாழனன்றே போய்ச் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும் மனைவி அதற்காக என்னைக் கொஞ்சம் மன்னித்தார். இளஞ்சிவப்பு முகப்பும் தூண்களும் கொண்ட சோவியத் காலத்துச் சந்தை மண்டபம். எதிரே ஷேக் முஸ்லிஹித்தீன் அடக்கத்தலம், புறாக்கள், கிழவர்கள்.

உலர்பழ வரிசையில் ஒரு வியாபாரியிடம் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றோம். இஸ்ஃபராக்காரர். ஊரே சர்க்கரை பாதாமிப் (ஆப்ரிகாட்) பழத்துக்குப் பேர்போனது. ராஜ் கபூரின் பெயரைச் சொல்லி வரவேற்றார், அந்தச் சடங்கு எல்லா இடத்திலும் நடந்தது. ஒன்பது வகை உலர் பாதாமியைச் சுவைக்கக் கொடுத்தபின் பேச்சு எல்லைக்கு வந்தது. இஸ்ஃபராவுக்கு அடுத்த வீடு கிர்கிஸ்தானின் பாத்கென். அங்கேயும் பாதாமித் தோட்டங்கள்தான். அவர்கள் காயவைத்ததை இவர்கள் வாங்கி, தரம் பிரித்து, ரஷ்யாவுக்கு அனுப்புவார்கள். 2021 ஏப்ரலில் ஒரு வாய்க்கால் மதகைப் பற்றிய தகராறு துப்பாக்கிச் சண்டையாயிற்று. அடுத்த மாதம் எல்லை அடைபட்டது. 2022 செப்டம்பரில் பீரங்கி வரை போய், இருபுறமும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் எரிந்தன. உஸ்பெக் வாசல்கள் திறந்துகொண்டிருந்த அதே காலத்தில் இந்த வாசல் மூடிக்கொண்டது. எல்லாம் ஒரே திசையில் நல்லதாகிக்கொண்டிருந்தது என்று எழுதிவிட முடியாது.

கிர்கிஸ்தானில் 2020 அக்டோபரில் சிறையிலிருந்து வெளியே வந்து சில நாளிலேயே ஆட்சியைப் பிடித்தவர் சாதிர் ஜபாரோவ். அவருக்கும் ரஹ்மோனுக்கும் இடையில் நெடுநாள் பேசி முடித்தவர்கள் இரு நாட்டுப் பாதுகாப்புத் துறைத் தலைவர்கள். 2025 மார்ச் 13 அன்று கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்றே இரண்டு சாவடிகள் திறந்தன. மார்ச் 31 அன்று மூன்று அதிபர்களும் இதே குஜந்தில் கூடி, மூன்று எல்லைகளும் சந்திக்கும் புள்ளியைப் பற்றி உடன்பாடு செய்தார்கள். மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் கல் நடுவதற்குள் நான் பட்ட பாட்டை நினைத்தால், மூன்று நாடுகள் கூடும் இடத்தில் நட்டவர்களுக்குக் கைகொடுக்கத் தோன்றுகிறது.

"இப்போது பாத்கென்காரர்களோடு வியாபாரம் உண்டா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கூட்டாளியின் எண் பழைய கைப்பேசியோடு போய்விட்டது என்றார், சற்று நேரம் கழித்து, எண் இருந்தாலும் முதலில் யார் பேசுவது என்றார். நாங்கள் கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு கிலோவை 35 சோமோனிக்கு நிறுத்து, அதன்மேல் ஒரு கைப்பிடி போட்டு, ஓஷ் சந்தையில் பாத்கென் பழம் என்ன விலை போகிறது என்று கேட்டுத் தனக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்.

இரவு பதினொன்றரைக்கு மனைவியின் மின்விசா வந்தது. சீர் தர்யா ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம். நான் சத்தமாகவே கத்திவிட்டேன், காவலர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி: அந்தர்கான் எல்லை, கோகந்து

கனிபோதோம் வழியாகச் சாவடிக்குப் போகும் சாலையின் இருபுறமும் பருத்தி வெடித்து நின்றது. 1999-2000இல் ஆயுதக் குழுக்கள் ஊடுருவியபின் உஸ்பெகிஸ்தான் தன் எல்லையோரமாகக் கண்ணிவெடி புதைத்தது. சிக்கியவர்கள் பெரும்பாலும் தாஜிக் பக்கத்து ஆட்டிடையர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள். அவற்றைத் தோண்டி எடுக்கவும் 2018-க்குப் பிந்தைய நட்பு வேண்டியிருந்தது. 2020 வாக்கில் முடித்தார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வரப்பில் வெடி வைத்தவனைப் பார்த்ததில்லை.

புதிய விசாவை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தோம். அதிகாரி இரண்டு தாளையும் பார்த்து, மனைவிக்கு மட்டும் ஏன் தனி எண் என்று கேட்டார். மனைவி என்னைச் சுட்டிக்காட்டினார். அவர் தலையை ஆட்டி, ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்தினார். மணமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

கோகந்தில் சோமோனியை மாற்றுவதற்கு வங்கியில் ஐந்து நிமிடம். 2017 செப்டம்பர்வரை இங்கே அரசு விலை ஒன்று, சந்தை விலை அதைப்போல இருமடங்கு என்று இருந்ததாம். ஒரே நாளில் அரசு விலையைப் பாதியாக இறக்கிச் சரி செய்தார்கள். பழைய கதையைச் சொன்ன காசாளர், தன் தகப்பனார் கட்டுக்கட்டாகப் பணத்தைப் பையில் தூக்கிப் போய் ஒரு குளிர்பெட்டி வாங்கியதைக் கையால் நடித்துக் காட்டினார். குதாயார் கானின் அரண்மனை அழகாக இருந்தது. சமோசாவைவிடப் பெரிய, அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட சம்ஸா அதைவிட நன்றாக இருந்தது. ஒன்று 8,000 சோம்.

செப்டம்பர் 27, சனி: மர்கிலான், அந்திஜான்

மர்கிலானில் பட்டு நெய்வதைப் பார்த்தோம். மனைவி வாங்கியவற்றின் விலையை இங்கே எழுதப் போவதில்லை.

அந்திஜான் பாபர் பிறந்த ஊர். இந்தியாவின் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இவ்வூர் முலாம்பழத்துக்கும் திராட்சைக்கும் ஏங்கியவர் என்பதால் முலாம்பழம் வாங்கினோம். இம்முறை தண்ணீர் குடிக்கவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கத்தில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டினார்கள். 2005 மே 13 அன்று இந்த நகரத்தில் கூடிய மக்கள் மீது படைகள் சுட்டன. இறந்தவர்கள் 187 என்றது அரசு, நூற்றுக்கணக்கானோர் என்றனர் மற்றவர்கள். அன்று உயிர் தப்பியோடிய சில நூறு பேர் கிழக்கே எல்லையைக் கடந்து கிர்கிஸ்தானுக்குள் போனார்கள். ஐந்தாண்டு கழித்து, 2010 ஜூனில், ஓஷ் நகரில் கிர்கிஸ்களுக்கும் உஸ்பெக்குகளுக்கும் நடந்த கலவரத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் உஸ்பெக் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதே எல்லையை எதிர்த்திசையில் கடந்து அந்திஜானுக்கு வந்தார்கள். ஒரே கோடு, இருபுறமிருந்தும் ஓடிவந்தவர்களுக்குக் கரையாக இருந்திருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிறவருக்கு என்ன ஆகும் என்று தெரியாதபோது கேட்பது மரியாதை இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு: தோஸ்த்லிக் எல்லை, ஓஷ்

தோஸ்த்லிக் என்றால் நட்பு. பெயர் அப்படியிருந்தும், 2010 கலவரத்துக்குப் பின் சாவு, திருமணம் போன்ற காரணம் காட்டுகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது மூடியே கிடந்தது. மிர்ஸியோயெவ் பிஷ்கெக் போனபோது, 2017 செப்டம்பர் 6 அன்று, மறுபடி திறந்தார்கள். இன்று ஞாயிறு என்பதால் கூட்டம் அலைமோதியது. தலையில் மெத்தை சுமந்த ஆள், அழுகிற கைக்குழந்தை, சக்கரப் பையில் கோழிக்குஞ்சுப் பெட்டி. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களை ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வரிசையின் முன்னால் விட்டார். வெளிநாட்டு விருந்தாளி என்று மற்றவர்களிடம் சொன்னதும் யாரும் முணுமுணுக்கவில்லை. நம்மூர் வரிசை ஒன்றில் இப்படி ஒருவரை முன்னால் விட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

எல்லையிலிருந்து ஓஷ் நகரம் பேருந்தில் சிறிது நேரம்தான். கிர்கிஸ் சோமும் நம் ரூபாயும் இப்போது கிட்டத்தட்ட ஒரே மதிப்பு என்பதால் ஒன்பது நாளில் முதல்முறையாகக் கணக்குப் போடாமல் காசு கொடுத்தேன். மாலையில் பூங்காவில் தமிழ்ப் பேச்சு கேட்டுத் திரும்பினால் இரண்டு மருத்துவ மாணவர்கள். ஓஷில் இந்திய மாணவர்கள் ஏராளம். ஒருவர் திருநெல்வேலி. "அங்கிள், எல்லை பதினைஞ்சு நிமிஷம். எங்க வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கிழமை மதியம் அந்திஜான் போய் மகளைப் பார்த்துட்டு ராத்திரி வந்துடுவாங்க. எங்களுக்குத்தான் விசா" என்றார். மீதியிருந்த பருப்புப்பொடியை மனைவி அவர்களிடம் கொடுத்துவிட்டார்.

விடுதிக்காரர் ஆங்கிலம் தெரிந்தவர். கெம்பிர்-ஆபாத் நீர்த்தேக்கம் பற்றி அவரே பேச்செடுத்தார். கிர்கிஸ் நிலத்தில் சோவியத் காலத்தில் கட்டியது, நீரோ அந்திஜான் வயல்களுக்கு. 2022-இல் அதை உஸ்பெகிஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வேறு நிலம் வாங்கும் ஒப்பந்தம் தயாரானது. அதை எதிர்த்துப் பேசிய இருபதுக்கு மேற்பட்டோரை அவ்வாண்டு அக்டோபரில் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2023 ஜனவரியில் இரு அதிபர்களும் கைகுலுக்கி எல்லைப் பிரச்சினை முடிந்தது என்று அறிவித்தார்கள். பிடிபட்டவர்களை நீதிமன்றம் 2024 ஜூனில்தான் விடுவித்தது. "எல்லை திறந்தது நல்லது, என் தங்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை" என்றார் அவர். நான் அளந்த நிலங்களிலும் இரு தரப்பையும் உட்காரவைத்து, உரக்கப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்காமல் கல் நட்டதில்லை. அப்படி நட்ட கற்களே அடுத்த மழைக்குள் நகர்ந்ததுண்டு.

செப்டம்பர் 29, திங்கள்: ஓஷ்

காலையில் சுலைமான் மலை ஏறி இறங்கினோம். மழைத்தூறல், வழுக்கல், மனைவியின் செருப்பு வார் அறுந்தது. அதைத் தைக்க ஜெய்மா சந்தைக்குப் போனவர்கள் உலர்பழ வரிசையைத் தேடிப் போனோம். சந்தையின் பெரும்பகுதி திங்களன்று மூடிக் கிடந்தாலும் சிலர் கடை போட்டிருந்தார்கள்.

பாத்கென் பழம் இருக்கிறதா என்று கேட்டதும் ஒருவர் தானே பாத்கென்காரர் என்று நெஞ்சைத் தொட்டார். கிலோ 350 சோம். நான் குஜந்து வியாபாரிக்குக் குவியலைப் படமெடுத்து விலையோடு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் குரல்செய்தி வந்தது. எனக்குப் புரியாததால் கைப்பேசியைக் கடைக்காரர் காதருகே வைத்தேன். அவர் கேட்டார், மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, ஒலிவாங்கியை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு உஸ்பெக் மொழியில் நீளமாகப் பேசி அனுப்பினார். இருவரும் தாஜிக்கும் கிர்கிஸுமாய் இருந்தும் சந்தைக்கு உஸ்பெக்தான் பொது மொழி போலும். பதில் வந்தது. இவர் சிரித்தார். மறுபடி பேசினார். பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்காக மொழிபெயர்த்தார்: படத்தில் இருப்பது இரண்டாம் தரம், இதற்கு 350 கேட்பது அநியாயம் என்கிறார் அவர், தரம் பிரிக்க இஸ்ஃபராக்காரன் கண் இல்லாததால்தான் கலந்து கிடக்கிறது, வந்து பிரித்துக் கொடு என்கிறார் இவர்.

நாலைந்து செய்திகள் அப்படியே போய் வந்தன. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டார்கள். இடையில் ஒருமுறை இவர் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதைப் பக்கத்துக் கடைக்காரர் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் ஒரு அட்டைத் துண்டில் எண்ணைக் குறித்துக்கொண்டு கைப்பேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மரப்பெட்டி எத்தனை கிலோ பிடிக்கும் என்பதில் இன்னும் தகராறு தீரவில்லையாம். மனைவி ஒரு கிலோ வாங்கினார். இவ்வளவு நேரம் என் கைப்பேசியை வைத்துக்கொண்டதற்காகவாவது ஐம்பது சோம் குறையுங்கள் என்றார். 350-க்கு ஒரு சோம்கூடக் குறையவில்லை.